உலகின் மிகச் செலவான கட்டுமானங்கள்: எந்தத் தொகையை வைத்து வரிசைப்படுத்துவது?

உவர்மலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உலகிலேயே அதிக பணம் செலவான கட்டுமானத் திட்டங்கள் என்று பத்து இருபது பெயர்களை அடுக்கும் பட்டியல்கள் அடிக்கடி சுற்றில் வருகின்றன. நம் குழுமத்தில் அண்மையில் பகிரப்பட்ட ஒன்றைத் தொடர்ந்து எது முதலிடம் என்ற வாக்குவாதம் நீண்டுகொண்டே போனதை எல்லோரும் பார்த்தீர்கள். ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாத தொகைகளை ஒரே நிரலில் நிறுத்தியிருந்ததால்தான் அந்த வாக்குவாதம் முடியவில்லை என்று நினைக்கிறேன். ஆகவே இதைத் தனி இழையாகப் பேசுவோம்.

ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்களிடை நெடுஞ்சாலை வலையமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 41,000 மைல் நீளமான வீதிகளைச் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் அமைப்பதற்காக 1956ஆம் ஆண்டுச் சட்டம் 25 பில்லியன் டொலரை ஒதுக்கியது. 1991இல் வெளியான இறுதி மதிப்பீடு கிட்டத்தட்ட 129 பில்லியன் டொலர் என்றது. அதில் 114 பில்லியன் மத்திய அரசின் பங்கு. சில பட்டியல்கள் 114 என்கின்றன, சில 129 என்கின்றன, வேறு சில பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்து 500 பில்லியனுக்கும் மேல் என்கின்றன. மூன்றுமே பொய்யில்லை. ஆனால் இவற்றுள் ஒன்றைப் பிடித்து, இன்றைய விலையில் சொல்லப்படும் சவூதித் திட்டமொன்றுக்குப் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

என் கருத்தில் எந்தத் தொகையையும் ஏற்றுக்கொள்வதற்கு முன் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும்: அது எந்த ஆண்டின் விலை, அதற்குள் கடன் வட்டி சேர்ந்திருக்கிறதா, அடிக்கல் நாட்டிய நாளில் சொன்ன தொகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை யார் கட்டினார்கள். மூன்றாவது கேள்வியே எல்லாவற்றிலும் முக்கியமானது, பட்டியல்களில் ஒருபோதும் இடம்பெறாததும் அதுதான்.

கிண்ணியான் எழுதியது:

உவர்மலை ஐயா தொடக்கிவைத்த இரண்டாவது கேள்வியைப் பற்றி முதலில் சொல்கிறேன். பிரான்சின் ஃபிளமான்வில் மூன்றாவது அணு உலை அதற்கு நல்ல உதாரணம். 2007இல் வேலை தொடங்கியபோது 3.3 பில்லியன் யூரோ செலவாகும், 2012இல் மின்சாரம் வரும் என்றார்கள். அது மின்வலையமைப்போடு இணைக்கப்பட்டது 2024 டிசம்பரில். கட்டிய நிறுவனம் கடைசியாகச் சொன்ன தொகை, 2015ஆம் ஆண்டு விலையில், 13.2 பில்லியன். ஆனால் அந்நாட்டுக் கணக்காய்வு மன்றம் 2025 ஜனவரியில் கடனுக்கான செலவையும் சேர்த்து 2023ஆம் ஆண்டு விலையில் கணக்கிட்டபோது தொகை சுமார் 23.7 பில்லியனாக நின்றது. பட்டியல் தயாரிப்பவர் எந்த எண்ணைக் கையில் எடுக்கிறார் என்பதைப் பொறுத்து அதே உலை பத்து இடம் மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம்.

மதிப்பீடு ஏன் தாண்டுகிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் உடனே ஊழல் என்பார்கள். ஊழல் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பால வேலைத்தளங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன் என்ற முறையில், ஒரு ரூபாயும் களவு போகாமலே செலவு எப்படி ஏறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். களப்பின் நடுவே தூண் நிறுத்துவதற்கு முன் சில இடங்களில் மட்டும் துளையிட்டு அடிமண்ணைச் சோதிப்பார்கள்; ஒவ்வொரு தூணுக்கும் துளையிடப் பணம் ஒதுக்கப்படுவதில்லை. இரண்டு துளைகளிலும் பாறை ஒரே ஆழத்தில் கிடைத்தால், இடையில் வரும் தூண்களுக்கும் அதே ஆழத்தை வரைபடத்தில் போட்டு எந்த வேலைக்கு எவ்வளவு தேவை என்று காட்டும் அளவுப் பட்டியலைத் தயாரிப்பார்கள். வேலை தொடங்கி மூன்றாவது பைலில், அதாவது தூணைத் தாங்க நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் அடித்தூணில், துளைக்கருவி இறங்கிக்கொண்டே போகும், பாறை தட்டுப்படாது. மேலதிகமாக இறங்கும் ஒவ்வொரு மீற்றருக்கும் கம்பிக் கூட்டை நீட்ட வேண்டும், கொங்கிறீற்றைக் கூட்ட வேண்டும், புதிய வரைபடத்திற்கு ஒப்புதல் எடுக்க வேண்டும். ஒப்புதல் வரும்வரை பாரந்தூக்கியும் மிதவையும் ஆட்களும் சும்மா நிற்பார்கள். அந்த நிற்பதற்கும் வாடகை உண்டு, கூலி உண்டு. சிறிய களப்புப் பாலத்திலேயே நிலைமை இதுவென்றால், 50 கிலோமீற்றர் நீளமான ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதன் கட்டுமானச் செலவு மதிப்பீட்டைவிட ஏறத்தாழ 80 வீதம் தாண்டியது.

பொஸ்டன் நகரின் மையத்தில் உயர்ந்து நின்ற நெடுஞ்சாலையை நிலத்துக்கடியில் இறக்கிய திட்டமும் இதே கதைதான். 1982இன் விலையில் 2.8 பில்லியன் டொலர் என்று தொடங்கி, கட்டி முடிக்கும்போது 14 பில்லியனைத் தாண்டியது. வட்டியோடு சுமார் 24 பில்லியன் என்று பின்னர் கணக்கிட்டார்கள். பழைய நகரமொன்றின் அடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று முழுமையாகத் தெரிந்த வரைபடம் உலகில் எங்கும் இல்லை.

நிலாவெளி எழுதியது:

இருவரும் எழுதியவை சரியானவை. ஆனால் இப்படியே போனால், செலவு தாண்டிய திட்டம் என்றாலே வீணான திட்டம் என்ற எண்ணம் வாசிப்பவர்களுக்கு வந்துவிடும் என்பதால் மறுபக்கத்தையும் வைக்க விரும்புகிறேன்.

அமெரிக்க நெடுஞ்சாலை வலையமைப்பு மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதிக்குப் பெற்றோல் மீதான வரியிலிருந்தே பணம் வந்தது. 1956இல் ஒரு கலனுக்கு இரண்டு சதமாக இருந்த வரி மூன்று சதமாக்கப்பட்டு, அந்த வருமானம் தனி நிதியத்தில் சேர்க்கப்பட்டது. வீதியைப் பயன்படுத்தியவர்களே வீதிக்குப் பணம் கட்டினார்கள், அடுத்த தலைமுறையின் தலையில் கடன் ஏறவில்லை. நகரங்களுக்குள் அந்த வீதிகளுக்காக ஏழைகளின், குறிப்பாகக் கறுப்பின மக்களின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டமை அதன் தீராத களங்கம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அரச பணம் ஒரு சதமும் இல்லை என்பது பிரித்தானியப் பிரதமர் தட்சரின் நிபந்தனை. பங்குகள் 1987இல் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன; வாங்கியவர்களில் ஏராளமானோர் பிரான்சின் சிறு சேமிப்பாளர்கள். 1994 மே மாதம் சுரங்கம் திறந்தது, தொடக்க ஆண்டுகளில் பயணிகள் எதிர்பார்ப்பின் பாதியைக்கூட எட்டவில்லை, 2007இல் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது அந்தச் சேமிப்பாளர்களின் கையில் மிஞ்சியது சொற்பம். சுரங்கமோ இன்றுவரை நன்றாக இயங்குகிறது. ஆக, உவர்மலை ஐயாவின் மூன்றாவது கேள்விக்கு ஒரு இடத்தில் வாகன ஓட்டி என்றும், இன்னொரு இடத்தில் ஓய்வூதியப் பணத்தைப் போட்ட கிழவர் என்றும் விடை வருகிறது.

சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையைப் பற்றியும் ஒரு சொல். 22,500 மெகாவாற் திறனுள்ள அந்த அணைக்கு 1992இல் சீன மக்கள் காங்கிரசில் வாக்கெடுப்பு நடந்தபோது 177 பேர் எதிர்த்தார்கள், 664 பேர் நடுநிலை வகித்தார்கள். எதிர்ப்பே வழக்கமில்லாத ஒரு சபையில் இது சாதாரண விடயமில்லை. சுமார் 13 இலட்சம் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். அதன் மின்சாரம் உண்மையானது, வெள்ளக் கட்டுப்பாடும் உண்மையானது. அந்த 13 இலட்சம் பேரின் வீட்டு வாசல்களுக்கு எந்தப் பட்டியலில் விலை போட்டிருக்கிறார்கள்?

கந்தளாய் வாசகி எழுதியது:

இடம்பெயர்வு என்ற சொல் வந்ததால் நம் இலங்கையின் மிகப் பெரிய திட்டத்தை இந்த இழைக்குள் கொண்டுவருகிறேன். மகாவலி நதி நம் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் கலக்கிறது. ஆனாலும் மகாவலித் திட்டம் என்றால் மலைநாட்டு அணைகளைத் தவிர வேறெதுவும் நம் நினைவுக்கு வருவதில்லை.

ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியோடு 1968இல் தயாரான பெருந்திட்டம் முப்பது ஆண்டுகளில், பகுதி பகுதியாக, ஒன்று முடிந்து அதன் பலனைப் பார்த்து அடுத்ததைத் தொடங்கும் வகையில் வகுக்கப்பட்டது. பொல்கொல்லையில் நதியைத் திருப்பும் வேலை 1976இல் முடிந்தது. 1977இல் ஆட்சிக்கு வந்த அரசு, பெருந்திட்டத்தின் முக்கிய பகுதிகளை ஆறே ஆண்டுகளில் முடிப்பதென்று தீர்மானித்தது. விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா என்று ஒவ்வொரு அணைக்கும் ஒரு நாடு கைகொடுத்தது. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 210 மெகாவாற் தருகிறது. தெல்தெனிய என்ற ஊர் அதன் நீருக்குள் போனது. ஐந்தாறு பெரிய வேலைத்தளங்கள் ஒரே நேரத்தில் ஒரே சிறிய நாட்டில் இயங்கினால் சீமெந்துக்கும் கம்பிக்கும் தேர்ந்த வேலையாளுக்கும் விலை ஏறாமல் இருக்காது. மதிப்பீடுகள் வேலை நடக்கும்போதே திரும்பத் திரும்ப மாற்றப்பட்டன. அவசரம் பணத்தை மிச்சப்படுத்தும் என்பது எப்போதும் உண்மையல்ல என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று நமக்குத் தேவையில்லை.

அதே வேளை, இந்தத் திட்டத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அம்பன் கங்கை வழியாக வரும் மகாவலி நீர் எங்கள் குளத்துக்கும் சேர்கிறது. சிறுபோகத்தில் வயல் விதைக்கலாமா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த நீரின் பெறுமதி எந்த நூலிலும் எழுதப்பட வேண்டியதில்லை. பெருந்திட்டத்தில் அன்றே குறிக்கப்பட்டிருந்த மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல்தான் நிறைவுற்றது.

பட்டியல்கள் மறக்கும் இன்னொரு செலவும் உண்டு: கட்டிய பின் காப்பாற்றும் செலவு. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் எங்கள் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றிருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலைநாட்டில் புதிய அணைகள் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. திறப்பு விழாவுக்கு அமைச்சர்கள் வருவார்கள். கட்டில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் உத்தியோகத்தருக்குச் சைக்கிள் வாங்கக்கூட நிதி தேடி அலைய வேண்டும்.

சம்பூரான் எழுதியது:

சகோதரியின் பதிவுக்கு நன்றி. கட்டப்படாத ஒரு திட்டத்துக்கும் செலவு உண்டு என்பதை எங்கள் ஊரை வைத்துச் சொல்கிறேன்.

சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி அனல்மின் நிலையம் அமைப்பதற்கு 2006இல் இந்திய நிறுவனத்தோடு இணக்கப்பாடு ஏற்பட்டது. அதே ஆண்டு போரால் நாங்கள் ஊரைவிட்டு வெளியேறினோம். கிளிவெட்டி முகாமிலும் வேறு இடங்களிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தோம். எங்களில் பலர் திரும்பி வரத் தொடங்கியது 2015க்குப் பின்புதான். அடுத்த ஆண்டு அனல்மின் நிலையம் கைவிடப்பட்டது. ஒரு கல் கூட நடாமல் பத்து ஆண்டுகள் அந்த நிலம் ஒரு வரைபடத்துக்காகக் காத்திருந்தது. அந்தக் காலத்தில் அங்கே விதைக்கப்படாத நெல்லையும் மேய்க்கப்படாத மாடுகளையும் யாரும் திட்டச் செலவில் எழுதவில்லை.

இப்போது அதே பகுதியில் 120 மெகாவாற் சூரிய மின்னுற்பத்தி நிலையம் இரண்டு கட்டங்களாக வருகிறது. முதற்கட்டம் 50 மெகாவாற். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரும் நம் ஜனாதிபதியும் அதைத் தொடக்கிவைத்தார்கள். காணி பற்றிய எங்கள் கேள்விகள் இன்னும் இருக்கின்றன, அவை தனி இழைக்கு உரியவை. இங்கே நான் கேட்க விரும்புவது வேறு: அணு உலைக்கு 3.3 என்று சொல்லி 13 ஆகிறது. சூரியத் தகடுகளிலும் இப்படி நடக்குமா?

உவர்மலை எழுதியது:

சம்பூர்ச் சகோதரரின் கேள்வி இந்த இழையின் நடுப்புள்ளிக்கே வந்துவிட்டது.

டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃபிளைவ்பியர் என்ற பேராசிரியர் உலகெங்கும் இருந்து 16,000க்கும் மேற்பட்ட திட்டங்களின் விவரங்களைத் திரட்டியிருக்கிறார். அவற்றுள் சொன்ன செலவுக்குள்ளும் சொன்ன காலத்துக்குள்ளும் முடிந்தவை 8.5 வீதம். சொன்ன பலனையும் சேர்த்துத் தந்தவை 0.5 வீதம், அதாவது இருநூறில் ஒன்று. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, அந்த மீறல் எல்லா வகைத் திட்டங்களிலும் ஒரே அளவில் இல்லை என்பது. சூரிய மின்நிலையங்களில் சராசரி மீறல் மிகக் குறைவு, காற்றாலைகளிலும் வீதிகளிலும் அதைவிடச் சற்று அதிகம், பெரிய அணைகளிலும் அணு உலைகளிலும் ஒலிம்பிக் போட்டிகளிலும் அது எங்கோ போய்விடுகிறது.

காரணம் விளங்கக்கூடியதே. ஒரே மாதிரித் தகட்டை ஒரே மாதிரிச் சட்டத்தில் பல்லாயிரம் தடவை பூட்டும்போது முதல் நூறில் செய்த பிழை அடுத்த நூறில் திருந்துகிறது. பாதி முடிந்தாலும் அந்தப் பாதி மின்சாரம் தருகிறது. அணையோ அணு உலையோ அப்படியல்ல. முழுவதும் முடியும்வரை ஒரு அலகு மின்சாரமும் வராது, ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். வேலை இழுபடும் ஒவ்வொரு ஆண்டும் ஒரு தேர்தலையோ, ஒரு போரையோ, ஒரு நாணய வீழ்ச்சியையோ உள்ளே விடுகிறது. 2022இல் இரண்டு மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது, பாதி எழும்பிய கட்டடங்கள் நாடெங்கும் எப்படி அப்படியே நின்றன என்பதை நாம் பார்த்தோம். ஆகவே ஒரு திட்டத்தின் ஆபத்து அதன் பருமனில் மட்டும் இல்லை, அது எத்தனை ஆண்டுகள் முடியாத நிலையில் கிடக்கப்போகிறது என்பதிலும், முடியாத நிலையில் அதனால் ஏதும் பயனுண்டா என்பதிலும் இருக்கிறது என்பதே என் உறுதியான கருத்து.

நிலாவெளி எழுதியது:

இதில் ஒரு திருத்தம் அவசியம். 120 மெகாவாற் சூரிய நிலையத்தை 500 மெகாவாற் அனல் நிலையத்தோடு மெகாவாற் கணக்கில் ஒப்பிடவே கூடாது. சூரியத் தகடுகள் ஆண்டு முழுவதிலும் சராசரியாகத் தம் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே தருகின்றன, இரவில் ஒன்றும் தருவதில்லை. மின்கலத் தொகுதியோ வேறு மின்நிலையமோ பக்கத்தில் இருந்தாக வேண்டும், அதன் விலையையும் அதே கணக்கில் எழுத வேண்டும். செலவு மீறாத திட்டம் என்பதற்காகத் தேவையை நிறைவேற்றும் திட்டம் என்று ஆகிவிடாது.

உவர்மலை எழுதியது:

முழுமையாக ஏற்கிறேன். மின்சேமிப்பும் பகுதி பகுதியாகக் கூட்டக்கூடியது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

மூதூர் ஆசிரியர் எழுதியது:

பட்டியல்களில் இன்னொரு குழப்பத்தையும் கவனித்தேன். கட்டி முடிந்தவை, பாதியில் நிற்பவை, அறிவிக்கப்பட்டவை எல்லாம் கலந்து கிடக்கின்றன. சவூதியின் நியோம் திட்டம் 2017இல் 500 பில்லியன் டொலர் என்று அறிவிக்கப்பட்டது. அதற்குள் 170 கிலோமீற்றர் நீளமும் 500 மீற்றர் உயரமும் கொண்ட கண்ணாடிச் சுவர் நகரம் ஒன்று 90 இலட்சம் பேருக்காக என்றார்கள். அறிவித்த தொகையை வைத்தே அது பல பட்டியல்களில் முதலிடத்துக்குப் போய்விட்டது. கலிபோர்னியாவின் அதிவேக ரயிலுக்கு 2008இல் மக்கள் வாக்களித்து 9.95 பில்லியன் டொலர் கடன்பத்திரத்துக்கு அனுமதி கொடுத்தார்கள்; 2020இல் ஓடும் என்றார்கள்; அந்த ஆண்டு வந்து போய்விட்டது, ஒரு பயணியும் ஏறவில்லை, மதிப்பீடு 100 பில்லியனைச் சுற்றி நிற்கிறது. இங்கிலாந்தின் இரண்டாம் அதிவேக ரயில் பாதையில் மன்செஸ்டர் வரையான பகுதியை 2023 அக்டோபரில் அன்றைய பிரதமரே மன்செஸ்டரில் வைத்து இரத்துச் செய்தார். 2025 ஜூலையில் சீனா திபெத்தின் யார்லுங் சாங்போ நதியில் ஐந்து மின்நிலையங்கள் கொண்ட திட்டத்தைத் தொடங்கியது. அறிவித்த தொகை 1.2 டிரில்லியன் யுவான், சுமார் 167 பில்லியன் டொலர். இவற்றை முடிந்த திட்டங்களோடு ஒரே வரிசையில் வைப்பது மாணவனின் பரீட்சைப் புள்ளியை விடைத்தாள் திருத்துவதற்கு முன்பே எழுதுவதற்குச் சமம்.

கிண்ணியான் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். இன்னும் ஒன்றை இங்கே பதிய வேண்டும். இது உலகப் பட்டியலில் வரவே வராது.

2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தபோது, அதுவரை துறையில் காத்துநின்ற எங்களுக்கு நகரம் பக்கத்தில் வந்தது. வைத்தியசாலைக்குப் போகும் கர்ப்பிணிகளும் சந்தைக்கு மீன் கொண்டுபோகிறவர்களும் நேரம் பார்த்துப் பாதைக்கு, அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு, காத்திருந்த நிலை முடிந்தது. ஆனால் அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், சின்னப் பாலமொன்றின் வேலை நடந்துகொண்டிருந்ததால் மக்கள் மிதப்புப் பாதையில் கடந்துகொண்டிருந்தார்கள். 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அதன் பின்னும் அந்தப் பாலத்தின் வேலை இழுபட்டது.

நூறு பில்லியன் டொலர் திட்டமொன்று பத்து ஆண்டு தாமதித்தால் உலகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. சில நூறு மீற்றர் பாலமொன்று தாமதித்தால் அந்தத் தாமதத்தின் விலையை ஊரே கட்டுகிறது. வேலை நடக்கும் காலத்தில் மக்கள் எப்படிக் கடப்பார்கள் என்ற ஏற்பாடு அளவுப் பட்டியலில் தற்காலிக வேலைகள் என்ற தலைப்பின் கீழ் ஒற்றை வரியாக வரும். விலைமனுவில் போட்டி கூடினால் ஒப்பந்தகாரர்கள் முதலில் குறைப்பது அந்த வரியைத்தான். என்னிடம் அதிகாரம் இருந்தால் அந்த வரியைப் போட்டிக்கு வெளியே எடுத்து, நிலையான தொகையாக வைத்து, அது ஒழுங்காகச் செலவாகிறதா என்று ஊர்ச் சங்கமொன்றைக் கொண்டு பார்க்கச் செய்வேன்.

கந்தளாய் வாசகி எழுதியது:

நிலையான தொகை என்ற யோசனையைப் பிரதேச அபிவிருத்திக் கூட்டத்தில் எழுத்தில் கொடுக்கலாம். நீங்கள் வரைந்தால் நான் கையொப்பமிடுவேன், எங்கள் பக்கத்து விவசாய சம்மேளனங்களிடமும் கொண்டுபோவேன்.

உவர்மலை எழுதியது:

எல்லோருடைய பதிவுகளையும் வைத்து அட்டவணை ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். முடிந்த திட்டங்கள் மட்டும் இதில் இடம்பெறும். அறிவிக்கப்பட்டவற்றுக்கு வேறு தாள். நிரல்கள்: தொடக்க மதிப்பீடும் அதன் ஆண்டும், இறுதிச் செலவும் அதன் ஆண்டும், வட்டி சேர்ந்ததா இல்லையா, வித்தியாசத்தைக் கட்டியவர், இடம்பெயர்ந்தோர், பராமரிப்புக்கான ஏற்பாடு. ஃபிளமான்வில், பொஸ்டன், ஆங்கிலக் கால்வாய், அமெரிக்க நெடுஞ்சாலை ஆகிய நான்கு வரிகளையும் மேலே உள்ள பதிவுகளிலிருந்து நிரப்பிவிட்டேன். கந்தளாய்ச் சகோதரி விக்டோரியாவையும் கொத்மலையையும் தனித்தனி வரிகளாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உதவிய நாடும் நிபந்தனையும் வேறு என்பதால் மகாவலி என்று ஒரே வரியில் போட்டால் கணக்கு மங்கிவிடும். கிண்ணியாச் சகோதரர் தற்காலிக வேலைகள் பற்றிய வரைவை இங்கேயே இடுங்கள், எல்லோரும் திருத்திக் கொடுப்போம்.